காட்டுக்கிளி கைக்கு வந்தா பேன், செள்ளு, புழு எப்படி பாக்குறது, எதுல கை வைக்கக்கூடாது

தை, மாசி வந்துட்டா நம்ம பக்கம் மொட்டைப் பனையிலயும் பட்டுப்போன தென்னையிலயும் பச்சைக்கிளி பொந்து புடிச்சி குஞ்சு பொரிக்க ஆரம்பிச்சிடும். அப்பால பங்குனி சித்திரைல காத்து அடிச்சி மரம் சாஞ்சா, இல்ல யாராவது மரத்தை வெட்டுனா, குஞ்சு கீழ விழும், வேலூர் மாவட்டத்துல லத்தேரி, கே.வி.குப்பம் பக்கத்துல இருந்து அட்டைப்பெட்டில போட்டு எடுத்துனு வருவாங்க, வந்த ஒடனே கேக்குற மொத கேள்வி "உடம்பு பூரா பூச்சியா கீது, இன்னா மருந்து போடலாம்"ங்கறது தான். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ணு. காட்டுல திரியுற கிளிக்கு பேன் இருக்கும், வயித்துல ஏதோ ஒண்ணு ரெண்டு இருக்கும், ரத்தத்துல கூட ஒட்டுண்ணி இருக்கும், இருந்துட்டே அது பாட்டுக்கு பறந்து மல்லாட்டைக் காட்டுல மேஞ்சிட்டு நல்லாத்தான் வாழுது. நல்லா இருக்குற கிளி நாள் பூரா அலகால இறகைக் கோதிக்கிட்டே இருக்கும், பேன் பெருகாம இருக்குறதே அந்தக் கோதலால தான். அலகு ஒடஞ்சிருக்கு, ரெக்கை முறிஞ்சி உடம்பைத் திருப்ப முடியல, பட்டினில சோர்ந்து கிடக்கு, அப்ப கோத முடியாது, பேன் மளமளன்னு ஏறிடும். அதனால கையில வந்த கிளி மேல பேன் நெறைய ஓடுதுன்னா, பேனால தான் கிளி படுத்துடுச்சின்னு முடிவு பண்ணாதீங்க, பெரும்பாலும் கிளி படுத்ததால தான் பேன் ஏறியிருக்கும். இது தெரியாம மொத நாளே பவுடர் கொட்டி ஊசி போட்டு, ஏற்கனவே அரை உசுரா இருக்குறதை முழுசா முடிச்சிடறாங்க.

மொத ராத்திரி மருந்து எதுவும் வேணாம். கதகதப்பான இருட்டான பெட்டி, சத்தம் இல்லாத எடம், அவ்ளோதான். ராத்திரி குஞ்சுக்கு சூடு வேணும்னா சின்ன பல்பு போதும், ஆனா சித்திரை வெயில்ல நம்ம ஊரு ஓட்டு வீட்டுக்குள்ள பகல்ல அதுவே அடுப்பாயிடும், அதனால பெட்டியை நிழல்ல காத்தோட்டமா வைங்க. பால் குடுக்காதீங்க, பறவைக்கு பால் செரிக்காது. இன்னொன்னு, கீழ விழுந்த குஞ்சை உண்மையிலயே கொல்றது பேனும் இல்ல புழுவும் இல்ல, எறும்பு. கண்ணு ஓரம், காதுத் துளை, மலவாய், ரெக்கை மடிப்பு எல்லாத்துலயும் சுள்ளெறும்பு கடிச்சிட்டு தொங்கும், பெயிண்ட் அடிக்குற சின்ன பிரஷ்ஷால ஒண்ணொண்ணா தட்டி விடுங்க, அப்புறம் பெட்டியை ஒரு ஸ்டூல் மேல வெச்சி ஸ்டூல் காலுங்களை தண்ணி ஊத்துன கிண்ணத்துல நிக்க வைங்க. சக்கரைப் பொங்கப் பாத்திரத்துக்கு பண்ற அதே வேலைதான்.

அடுத்த நாள் காலைல பொறுமையா ஒடம்பைப் பாக்கலாம். பெரிய கிளின்னா ஒரு டவல் போட்டுப் புடிங்க, கழுத்துக்குப் பின்னாடி இருந்து தாடைய ரெண்டு பக்கமும் ரெண்டு விரலால லேசா நிறுத்துங்க, நெஞ்சை மட்டும் அமுக்கவே கூடாது, பறவைக்கு நம்மள மாதிரி உதரவிதானம் (மூச்சு இழுக்க உதவுற தசை) கெடயாது, நெஞ்சு ஏறி இறங்குனாத்தான் மூச்சு, இறுக்கிப் புடிச்சா கையிலயே போயிடும். ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல வேணாம், வாயத் தொறந்து மூச்சு வாங்குச்சின்னா விட்டுடுங்க, மீதிய சாயங்காலம் பாத்துக்கலாம்.

ரெக்கையை விரிச்சி வெளிச்சத்துக்கு எதிரா காட்டுங்க. ஊசி குத்துன மாதிரி ஓட்டை, ஓரம் கொறிச்ச மாதிரி இருந்தா பேன் மென்ன அடையாளம். கிளிப்பேன் ரத்தம் குடிக்கிறதுக்குன்னே வர்ற ஆளு இல்ல, இறகையும் தோல் பொடியையும் மெல்றது, வைக்கோல் நெறத்துல நீளமா எள்ளை விட சின்னதா இருக்கும், இறகு நடுத்தண்டு ஓரமா ஓடும். ரெக்கைக்கு அடில, கழுத்துல, மலவாய் சுத்தி தேடுங்க. ஈறு (பேன் முட்டை) இறகு அடிக்காம்புல கோந்து போட்ட மாதிரி ஒட்டி இருக்கும். இங்க ஒரு குழப்பம் வரும், குஞ்சோட தலையில புது இறகு மொளைக்கும்போது வெள்ளையா ஊசி ஊசியா உறை இருக்கும், அதை ஈறுன்னு நெனச்சி நகத்தால புடுங்குறவங்க உண்டு, அந்த உறைக்குள்ள ரத்தம் ஓடுது, புடுங்குனா ரத்தம் கொட்டும், தொடாதீங்க. அதே மாதிரி இறகுல குறுக்கு வாட்டுல கோடு கோடா இருந்தா அதுவும் பூச்சி இல்ல, இறகு வளர்ற நேரத்துல பட்டினி கெடந்ததோட தழும்பு.

பேன் வாழ்நாள் பூரா கிளி மேலயே தான் இருக்கும், கீழ விழுந்தா சில நாள்ல செத்துடும். மனுசன் தலையில குடியேறாது, "பாப்பா தலைக்கு ஏறிடும்"னு பயப்படற அம்மாக்கள் தைரியமா இருக்கலாம்.

ஆனா செள்ளு (இங்கிலீஷ்ல மைட்) வேற ரகம், இதுக்குத்தான் நான் பயப்படுவேன். செவப்புச் செள்ளு பகல்ல கிளி மேல இருக்காது, பொந்துலயோ கூண்டு இடுக்குலயோ ஒளிஞ்சிட்டு ராத்திரில வந்து ரத்தம் குடிச்சிட்டு விடியறதுக்குள்ள திரும்பிடும். பகல்ல எவ்ளோ தேடுனாலும் கெடைக்காது. அதுக்கு பழைய வழி ஒண்ணு இருக்கு, ராத்திரி பெட்டிய வெள்ளைத் துணி போட்டு மூடுங்க, காலைல துணி மடிப்புல பாருங்க, மிளகாத்தூள் சிந்துன மாதிரி செவப்பா புள்ளி இருந்து அது நகர்ந்தா செள்ளு. விரல்ல தேச்சா ரத்தக் கறை வரும். டார்ச் எடுத்துட்டு நடுராத்திரி பெட்டி மூலைய பாத்தாலும் தெரியும். பெரிய கிளிய விட குஞ்சுங்களுக்கு இது ஆபத்து, ஒரு பொந்துல செள்ளு பெருகிடுச்சின்னா குஞ்சு ரத்தம் இல்லாம வெளுத்துப் போயி செத்துடும், கண் இமைக்கு உள் பக்கமும் தோலும் வெளிறி இருக்கான்னு பாருங்க. கோழிக்கூண்டுலயும் இதே செள்ளு தான் இருக்கும், அதனால கிளிப்பெட்டிய கோழிக்கூண்டு மேல வைக்கிற வேலை வேணவே வேணாம். இது நம்மளையும் கடிக்கும், குடியேறாது, ஆனா கை பூரா அரிப்பெடுக்கும். இன்னொரு வகைச் செள்ளு இருக்கு, அது ராத்திரி பகல்னு பாக்காம கிளி மேலயே இருக்கும், மலவாய் சுத்தி இறகு அழுக்கா கறுத்துப் போயிருந்தா அதைச் சந்தேகப்படுங்க.

அலகு ஓரம், மூக்கு மேல, கால்ல சுண்ணாம்பு பூசி காஞ்ச மாதிரி தேன்கூடு ஓட்டையோட பொறுக்கு கட்டியிருந்தா அது தோலுக்குள்ள துளைக்கிற செள்ளு. லவ் பேர்ட்ஸ்னு நம்ம ஊர்ல விக்கிற சின்னக் கிளிங்களுக்கு இது ரொம்ப சகஜம், காட்டுப் பச்சைக்கிளிக்கு கம்மி, அதனால காட்டுக்கிளின்னு சொல்லி எடுத்துட்டு வந்ததுல இது இருந்தா, கூண்டுல இருந்து தப்பிச்சி வந்ததோன்னு எனக்கு ஒரு சந்தேகம் வரும். ரெக்கைல இறகு வெட்டுன தடம் இருக்கான்னு பாத்தா பாதி விஷயம் வெளிய வந்துடும், ஜோசியக்கிளிக்கு ரெக்கைய வெட்டித்தான் வெச்சிருப்பாங்க.

புடிக்கும்போது திடீர்னு தட்டையா ஒரு ஈ இறகுக்குள்ள இருந்து நண்டு மாதிரி பக்கவாட்டுல ஓடுச்சின்னா பதறாதீங்க, அது பேன் ஈ, புறாவுலயும் இருக்கும், நம்ம தலை முடிக்குள்ள கூட பூந்துடும், விரலால அமுக்குனா சாவாது, ரெண்டு நகத்துக்கு நடுவுல வெச்சி நசுக்கணும். இந்த ஈ தான் பறவைல இருந்து பறவைக்கு ரத்த ஒட்டுண்ணிய ஏத்திட்டுப் போற ஆளுங்கள்ல ஒண்ணு. ரத்த ஒட்டுண்ணி இருக்கான்னு ரத்தத்தை கண்ணாடித் துண்டுல தேச்சி சாயம் போட்டு பாத்தாத்தான் தெரியும், வீட்ல பாக்குற விஷயம் இல்ல, பல பறவை அதோடயே நல்லா இருக்கும். பறவை மலேரியா மனுசனுக்கு வராது.

காயம் இருந்தா புழு வெச்சிருக்கான்னு பாருங்க. வெயில் காலத்துல ஈ முட்டை போட்ட ஒரு நாளுக்குள்ள புழு வெளிய வந்துடும். முட்டை அரிசிக் குருணை மாதிரி கொத்தா இறகுல ஒட்டியிருக்கும், அதையும் சீப்பால எடுக்கணும். புழுவ சிமட்டா வெச்சி ஒண்ணொண்ணா எடுத்துட்டு, கடைல விக்கிற சலைன் வாங்கி வெதுவெதுப்பா ஊத்திக் கழுவுங்க. மாட்டுக் காயத்துக்கு ஊத்துற டர்பன்டைனை இங்க ஊத்தாதீங்க, மண்ணெண்ணெயும் வேணாம்.

இப்ப உள்ள இருக்குறதுக்கு வருவோம். வயித்துப்புழு இருக்கா இல்லயான்னு மூஞ்சப் பாத்து சொல்ல முடியாது, எச்சத்தைத்தான் பாக்கணும். பெட்டில பேப்பருக்கு பதிலா ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கவரை விரிங்க. கிளி எச்சத்துல மூணு பாகம் இருக்கும், பச்சையாவோ பழுப்பாவோ சுருண்டு இருக்குறது மலம், வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி இருக்குறது யூரிக் உப்பு, சுத்தி ஈரமா இருக்குறது மூத்திரம். கொய்யா, பப்பாளி தின்னா ஈரம் கூடும், அதை பேதின்னு சொல்லாதீங்க, மலமே உருவம் இல்லாம சளியா போனாத்தான் பேதி. ஒண்ணுமே தின்னாத கிளிக்கு எச்சம் கரும்பச்சையா கொஞ்சமா வரும், அதுவும் புழு இல்ல, பசி.

கண்ணுக்குத் தெரியறது ரெண்டே ரெண்டு. நூல் மாதிரி வெள்ளையா நீளமா வந்தா உருண்டைப்புழு. சமைச்ச அரிசி மாதிரி தட்டையா துண்டு துண்டா வந்தா நாடாப்புழு. மத்ததெல்லாம் மைக்ராஸ்கோப்புல தான். நாடாப்புழு ஒரு கிளில இருந்து இன்னொரு கிளிக்கு நேரா ஒட்டாது, நடுவுல எறும்போ வண்டோ முட்டையத் தின்னு, அதை கிளி தின்னணும். உருண்டைப்புழு அப்படி இல்ல, எச்சத்துல விழுந்த முட்டை மண்ணுல ரெண்டு மூணு வாரம் பக்குவமாகி, தீனியோட திரும்ப வாய்க்குள்ள போகும். அதனால தான் மரத்து மேலயே தின்னு மரத்து மேலயே எச்சம் போடுற காட்டுக்கிளிக்கு இது கொஞ்சமா இருக்கும், மண்தரைக் கூண்டுல அடைச்சி வெச்ச கிளிக்கு கொத்துக் கொத்தா இருக்கும். நீங்க புடிச்சி பத்து நாள் ஒரே பெட்டில எச்சம் மாத்தாம வெச்சிருந்தா, காட்டுல இல்லாத பிரச்சனைய நீங்களே உண்டாக்குறீங்கன்னு அர்த்தம்.

மைக்ராஸ்கோப் காலேஜ்லயோ ஸ்கூல்லயோ கெடச்சா நீங்களே பாக்கலாம். தண்ணில கல் உப்பு கரையற வரைக்கும் கரைங்க, 100 மில்லிக்கு 36 கிராம் அளவு போனதும் அடில உப்பு கரையாம நிக்கும், அது தான் வேணும். பட்டாணி அளவு எச்சத்தை அதுல கலக்கி டீ வடிகட்டில வடிச்சி, சின்ன பாட்டில்ல விளிம்பு வரைக்கும் ஊத்தி மேல கண்ணாடி கவர் சிலிப்பை வெச்சிடுங்க. 15, 20 நிமிஷத்துல முட்டைங்க மெதந்து வந்து கண்ணாடில ஒட்டிக்கும், அப்படியே தூக்கி ஸ்லைடு மேல கவுத்து கம்மி பவர்ல பாருங்க. தடிச்ச ஓடோட நீள்வட்டமா இருந்தா உருண்டைப்புழு முட்டை. பீப்பா மாதிரி ரெண்டு முனையிலயும் மூடி போட்டிருந்தா முடிப்புழு, இது கொஞ்சம் இருந்தாலே கிளி இளைக்கும். ரொம்பச் சின்னதா வட்டமா இருந்தா காக்சிடியா, குடல்ல இருக்குற ஒத்தச் செல்லு ஒட்டுண்ணி. ஒரு நாள்ல ஒண்ணும் தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல, முட்டை தெனமும் வராது, மூணு நாள் எச்சத்தை சேத்துப் பாத்தாத்தான் நம்பலாம். கால்நடை ஆஸ்பத்திரில குடுக்குறதா இருந்தா காயாத எச்சத்தை சின்ன டப்பால மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல வேணாம், அன்னைக்கே குடுத்துடுங்க. ஜியார்டியா மாதிரி ஒத்தச் செல்லு கிருமிய பாக்கணும்னா மட்டும் எச்சம் சூடா இருக்கும்போதே சில நிமிஷத்துல பாக்கணும், ஆறிப்போனா அது நீந்துறதை நிறுத்திடும், அப்புறம் கண்டுபுடிக்க முடியாது.

வாயைத் தொறந்து பாக்க மறக்காதீங்க. உள்ள மஞ்சளா பனீர்த் துணுக்கு மாதிரி ஒட்டியிருக்கு, எச்சில் வழியுது, தீனிய வாய்ல போட்டு மென்னு துப்புது, மூஞ்சி இறகு ஈரமா பிசுபிசுன்னு இருக்குன்னா ட்ரைக்கோமோனாஸ் சந்தேகம். இது புறாக்கிட்ட ரொம்ப சகஜமா இருக்குற கிருமி, ஒரே தண்ணித் தொட்டில புறாவும் கிளியும் குடிச்சா தாவும், அப்பா அம்மா ஊட்டும்போது குஞ்சுக்குப் போகும். அந்த மஞ்சளைச் சுரண்டாதீங்க, ரத்தம் கொட்டும். வைட்டமின் ஏ கொறைஞ்சாலும், வாய்ல பூஞ்சை புடிச்சாலும் ஏறக்கொறைய இதே மாதிரி தான் தெரியும், டாக்டர் ஒரு பஞ்சுக்குச்சியால தொட்டு மைக்ராஸ்கோப்புல பாத்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாரு, அதுக்கு மாத்திரை இருக்கு, சீக்கிரம் போனா பொழைக்கும்.

மருந்து விஷயத்துக்கு வரேன், நீங்க எல்லாம் இதுக்குத்தான் கீழ இறங்கி வந்திருப்பீங்க. ஐவர்மெக்டின்னு ஒரு ஒட்டுண்ணி மருந்து எல்லாருக்கும் தெரியும், மாட்டுக்குப் போடற ஊசி மெடிக்கல்ல கெடைக்குது, அதுல ஒரு சொட்டு கழுத்துல வெச்சா போதும்னு யாரோ கெளப்பி விட்டுட்டாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. நம்ம பச்சைக்கிளி சுமாரா 120 கிராம். வழக்கமான டோஸ் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அப்ப ஒரு கிளிக்கு 0.024 மில்லிகிராம். மாட்டு ஊசில ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கு, அப்ப கிளிக்கு வேண்டியது 0.0024 மில்லி. இன்சுலின் சிரிஞ்சுல, 40 யூனிட் சிரிஞ்சுல ஒரே ஒரு கோடு 0.025 மில்லி, அதுவே பத்து மடங்கு. "ஒரு சொட்டு"ன்னு சொன்னீங்கன்னா சுமார் இருபது மடங்கு. குஞ்சுன்னா இன்னும் மோசம். டாக்டர் அதை நேர்த்து குடுப்பாரு, கிளிய தராசுல எடை போட்டுட்டுத்தான் குடுப்பாரு, எடை போடாம மருந்து குடுக்குற ஆள்கிட்ட குடுக்காதீங்க, அது யாரா இருந்தாலும் சரி.

ஆட்டுக்குக் குடுக்குற பூச்சி மருந்தும் அப்படித்தான். ஃபென்பெண்டசோல் இறகு மொளைக்கிற நேரத்துல குடுத்தா இறகு கோணலா வரும், அல்பெண்டசோல் புறாவுக்கே விஷமாகியிருக்கு, லெவாமிசோல் கொஞ்சம் கூடுனாலும் ஆபத்து. புழு மூட்டையா இருக்குற கிளிக்கு ஒரே அடியா குடுத்தா செத்த புழு குடலை அடைச்சும் சாகும். நாடாப்புழுவுக்கு வேற மருந்து, மத்த புழு அதுல கேக்காது. அதனால எச்சம் பாக்காம "எதுக்கும் ஒரு டோஸ்"னு குடுக்குறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். அப்புறம் ராணிப்பேட்டைல 1932-ல இருந்து இருக்குற கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்துல கோழிக்கு தடுப்பூசி தயாராகுது இல்ல, அதைப் போட்டா கிளிக்கு பூச்சி வராதான்னு கேக்குறாங்க, வெள்ளைக்கழிச்சல்ங்கறது கோழிக்கு வர்ற வைரஸ் நோய், அந்த ஊசி அதுக்குத்தான், பேனுக்கும் புழுவுக்கும் சம்பந்தமே இல்ல.

பேனுக்கு என்ன பண்ணலாம்னா, சாப்ட ஆரம்பிச்சி தெம்பு வந்த கிளிக்கு காலை வெயில்ல வெறும் தண்ணிய பொகை மாதிரி ஸ்ப்ரே பண்ணுங்க, அதுவே ரெக்கைய விரிச்சி குளிச்சி கோத ஆரம்பிச்சிடும், பாதிப் பேன் அதுலயே போயிடும். அதுக்கு மேலயும் இருந்தா டாக்டர் சொல்ற பறவைப் பவுடர் லேசா, கண்ணு மூக்கு வாய் படாம, 7 முதல் 10 நாள் கழிச்சி இன்னொரு தடவ, ஏன்னா ஈறு மொதல் தடவ சாவாது. நம்ம குடியாத்தம் பக்கம் பீடி சுத்துற வீடுங்கள்ல கோழிப்பேனுக்கு புகையிலைத் தண்ணி ஊத்துறது காலங்காலமா நடக்குது, கிளிக்கு அது நேரடி விஷம். பாச்சை உருண்டையும் கூடாது. கமாக்ஸின்ங்கற பூச்சிக்கொல்லிப் பவுடரை 1997-லயே தடை பண்ணியாச்சு, இன்னும் பழைய டப்பால அதே பேரு சொல்லி வெள்ளைப் பவுடர் வெச்சிருக்குற தாத்தாங்க இருக்காங்க, வேணாம்னு மரியாதையா சொல்லிடுங்க. வேப்பெண்ணெய் இயற்கை தானேன்னு தடவுவாங்க, எந்த எண்ணெயா இருந்தாலும் இறகுல பட்டா இறகு ஒட்டிக்கும், பறக்க முடியாது, சூடும் நிக்காது. காஞ்ச வேப்பிலை பெட்டில போடுறதுல தப்பில்ல, மருந்துன்னு மட்டும் நம்பாதீங்க.

செள்ளுக்கு கிளிய விட பெட்டி தான் முக்கியம். அட்டைப்பெட்டின்னா தெனம் மாத்தி பழசை எரிச்சிடுங்க. கூண்டுன்னா கிளிய வேற எடத்துக்கு மாத்திட்டு கொதிக்கிற தண்ணிய இடுக்கு விடாம ஊத்துங்க, வெயில்ல காய வைங்க. உருண்டைப்புழு முட்டைக்கும் காக்சிடியாவுக்கும் பிளீச்சிங் பவுடர் பெருசா வேலை செய்யாது, கொதிக்கிற தண்ணி தான். ட்ரைக்கோமோனாஸ் நேர் எதிர், அது காஞ்சாலே செத்துடும்.

அதனால மொட்டை மாடில கிளிக்கு தண்ணி வைக்கிற அக்கா, அண்ணன் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். ரெண்டு தொட்டி வெச்சி மாத்தி மாத்திப் போடுங்க, ஒண்ணு தெனம் தேச்சிக் கழுவி வெயில்ல முழுசா காயட்டும். தீனியும் ஒரே எடத்துல குவிக்காதீங்க, நாலு எடமா பிரிச்சி, ஒரு மணி நேரத்துல தின்னு முடிக்கிற அளவு போடுங்க, நேத்து எச்சத்து மேல இன்னைக்கு கேவுரு கொட்டாதீங்க. மஞ்சள் வாய் கிளியோ, உப்பி உக்காந்திருக்குற புறாவோ கண்ணுல பட்டா ரெண்டு வாரத்துக்கு தண்ணி தீனி ரெண்டையும் எடுத்துடுங்க, கூட்டம் கலையட்டும், பாலாத்துப் பக்கம் தோப்புல அதுங்களுக்கு வேற வழி கெடைக்கும்.

உங்களுக்கும் கொஞ்சம் ஜாக்கிரதை. கிளி ஒட்டுண்ணிய விட மனுசனுக்கு பயப்பட வேண்டியது சிட்டாகோசிஸ், அது பாக்டீரியா, காஞ்ச எச்சத் தூசி மூச்சுல போனா வரும், காய்ச்சல் தலைவலி வறட்டு இருமல்னு ஆரம்பிக்கும். எச்சத்தை தண்ணி தெளிச்சி நனைச்சிட்டுத்தான் தொடைக்கணும், மாஸ்க் போடணும், கிளி தொட்ட பிறகு காய்ச்சல் வந்தா சிஎம்சியோ வேற எந்த ஆஸ்பத்திரியோ, டாக்டர்கிட்ட "கிளி வெச்சிருந்தேன்"னு வாயத் தொறந்து சொல்லுங்க, அவரா கேக்க மாட்டாரு.

கடைசியா, கிளிய வெச்சிக்கிற எண்ணம் இருந்தா விட்டுடுங்க, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம பச்சைக்கிளிய வீட்ல வளக்குறது குத்தம், ஜவ்வாது மலைல இருக்குற செந்தலைக்கிளிக்கும் அதே தான். கூண்டுல பல ஊர் பறவையோட கெடந்த கிளிய நேரா காட்டுல பறக்க விடறதும் தப்பு, அதோட ஒட்டுண்ணியும் சேந்து பறக்கும். வனத்துறை ஆபீஸ்ல ஒப்படைக்கும்போது ஒரு துண்டுச் சீட்டுல எங்க கெடச்சிது, என்னைக்கு, எடை எவ்ளோ, என்ன தின்னுது, எச்சம் எப்படி இருந்திச்சி, பேன் செள்ளு பாத்தீங்களா, ஏதாவது மருந்து போட்டிருந்தா மருந்து பேரும் அளவும் எழுதி பெட்டி மேல ஒட்டிடுங்க, பெரிய கேஸ்னு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புனா அங்க பாக்குற டாக்டர் மொதல்ல தேடுறது அந்தச் சீட்டைத்தான்.